நான்கு அடுக்கு கடக்கும் வாக்கியம்

ஆமாம், யாரையும் கேட்காமல்தான் அந்தச் செய்தியை அனுப்பினேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இருட்டியிருக்கும். அதற்குள் வேலுமணி அக்காவை எடுத்திருப்பார்கள். அடுக்கு வயல்களில் குனிந்து கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மறுநாள்தான் தெரிந்திருக்கும்.

செய்தி காலையில் வந்தது. அலுவலகத்தைத் திறந்து ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது அவர் தங்கை. அக்கா மதுரைக்கு, தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். விடியும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

"அக்கா போயிருச்சுங்க" என்றார். கொஞ்ச நேரம் அழுகை மட்டும். பிறகு, "வண்டி மூணு மணிக்குப் பூம்பாறைக்கு வந்துரும். அஞ்சு மணிக்கு எடுக்கணும்னு அண்ணன் சொல்லுது. எல்லாத்துக்கும் சொல்லிருங்க."

என்ன நடந்தது, எங்கே, எப்போது, நாம் என்ன செய்ய வேண்டும். அழுகைக்கு நடுவிலும் எதுவும் விடுபடவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

*

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு வேலுமணியைத் தெரியும். பாதிப் பேர் அவர் எழுதியதைப் படித்ததே இல்லை. கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைக்காய்கறி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி எங்களுடையது. அலுவலகம் கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பூம்பாறைக்காரர்கள். தினமும் காலையில் அவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி போகும். லாரி எப்போது வரும், எதைப் பிடுங்கலாம், எதைப் பிடுங்கக் கூடாது, மருந்து அடிக்கலாமா. அந்தச் செய்தியை எழுதுவது வேலுமணியின் வேலை. பூம்பாறையிலேயே பிறந்தவர். முதல் பஸ்ஸில் வருவார். நாற்பது ஆகவில்லை.

பூம்பாறையில் வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. அங்கே டவர் கிடைக்காது. ஊருக்கு மேலே, சாலை திரும்பும் வளைவில், பாண்டியண்ணன் டீக்கடையருகே மட்டும் கிடைக்கும். செய்தி அங்கே வரும். பாண்டியண்ணன் அதைப் படித்து முதல் அடுக்கில் நிற்கிறவருக்குக் கத்திச் சொல்வார். அவர் இரண்டாம் அடுக்குக்கு. அங்கிருந்து மூன்றாவதற்கு. கடைசியில் ஓடையோரம் செல்லத்தாயி. யாரும் இதைத் திட்டமிடவில்லை. அப்படி ஆகிவிட்டது.

அதனால் அக்காவுக்கு ஒரே அளவுகோல்தான். வாக்கியம் நான்கு அடுக்கு கடக்குமா?

*

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் மேகம் இறங்கியபடியே இருந்தது. மருந்து அடிப்பதைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வந்திருந்தேன். எழுதினேன்: "தற்போது நிலவிவரும் பனிமூட்டமான வானிலையைக் கருத்தில் கொண்டு, உழவர்கள் தங்கள் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் பணிகளை ஒத்திவைப்பது குறித்துப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அக்கா படித்தார். என் கையைப் பிடித்து மாடி வராந்தாவுக்கு இழுத்துப்போனார். கீழே, சாலைக்கு அந்தப் பக்கம், பிளம்ஸ் விற்கிற அம்மா.

"அந்தம்மாவுக்குச் சொல்லு."

"என்னக்கா?"

"நீ எழுதுனத. கத்து."

கத்தினேன். 'கருத்தில் கொண்டு' வரைக்கும் போனேன். மூச்சு நின்றுவிட்டது. பிளம்ஸ் கூடைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்தா, ஒடம்புக்கு முடியலையா? மேல வரவா?"

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம். அன்று மதியம் வரைக்கும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவரே செய்தியை எழுதி என் பக்கம் தள்ளினார். "மேகம் விலகும்வரை மருந்து அடிக்காதீர்கள். அடித்தால் இலையில் நிற்காது. வணக்கம்."

"வணக்கம் ஏன் கடைசியில?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"சோலிய மொதல்ல சொல்லிருவோம். நடுவுல பஸ் வந்து பாண்டியண்ணன் ஏறிப் போய்ட்டாருன்னா?"

ஒரு காலத்தில் அவர் வணக்கத்தையே வெட்டியிருக்கிறார். அது நிற்கவில்லை. "என்ன, மனுசனுக்கு மருவாதி இல்லையா?" என்று செல்லத்தாயி ஓடையோரத்திலிருந்து மேலே கத்தி அனுப்பினாராம். நான்கு அடுக்கு ஏறி அந்தக் கேள்வி வளைவுக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வணக்கம் திரும்பி வந்தது. வாலில்.

*

எல்லா நேரமும் அவர் சொன்னதே சரி என்று எழுதினால் அது பொய்.

'நாளை' என்ற சொல்லை அவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அது உறுத்தியது. மலைக்குக் கீழே, சாலையே இல்லாத வெள்ளகவி ஊர்க்காரர்களுக்குச் செய்தி காலால்தான் போகும். மேலே வந்தவர் யாராவது பார்த்துவிட்டு இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் அங்கே சொல்லப்படும் 'நாளை' எந்த நாள்? ஒருமுறை குதிரைகளில் எலுமிச்சை மூட்டையை ஏற்றிக்கொண்டு, மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்து நின்றார்கள். லாரி முந்தின நாளே போயிருந்தது.

"கிழமைய எழுதணும்க்கா" என்றேன்.

"நாலு எழுத்து கூடுது."

"கூடட்டும். நீங்க எறங்கிப் போய் அந்தக் குதிரைகிட்ட சொல்லுங்க, எழுத்து மிச்சமாச்சுன்னு."

முறைத்தார். அதற்குப் பிறகு 'நாளை' வரவில்லை. நான் சொன்னது சரி என்று கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

*

எங்களிடம் வருவதற்கு முன்னால் அக்கா ஏரிப் பக்கம் ஒரு பெரிய விடுதியில் முன்மேசையில் இருந்தார். விருந்தினர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' தினமும் அதே வரி.

"ஏற்பட்டதாம். தானா நடந்து வந்து, ரூம்ல ஏறிப் படுத்துக்கிச்சு பாத்தியா, அசௌகரியம்" என்பார்.

வெந்நீர்க் குழாய் கெட்டுப்போனதை நிர்வாகம் சரிசெய்யவில்லை என்று ஒரு விருந்தினருக்கு உள்ளபடியே எழுதினார். வேலை போயிற்று. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

யார் செய்தது என்று சொல்லாத வாக்கியங்களை அவரால் பொறுக்க முடியாது. அலுவலகச் சுற்றறிக்கை வந்தால் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார்: யாரு? 'முடிவு செய்யப்பட்டுள்ளது.' யாரு? 'தவறு நேர்ந்துள்ளது.' யாரு?

"ஆள் இல்லாத வாக்கியம், டிரைவர் இல்லாத லாரி மாதிரி. மேட்டுல நிக்கையில நல்லாத்தான் இருக்கும். உருண்டுச்சுன்னா கீழ உள்ளவன் மேல."

*

லாரி என்றதும் ஒரு தைப்பூசம் நினைவுக்கு வருகிறது.

பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் பாதிப் பேர் விடுப்பில். லாரிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்ல வேண்டியவர் எங்கள் மேனேஜர். மறந்துவிட்டார். பூம்பாறையில் ஆட்கள் கேரட் பிடுங்க இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் அக்காவின் மேசைக்கு வந்தார். "தவிர்க்க முடியாத காரணங்களால் இன்னிக்கு லாரி வராதுன்னு போட்டுரும்மா."

"எந்தக் காரணம் சார்?"

"அதான் போடச் சொன்னேனே."

"தவிர்க்க முடியலைன்னா, தவிர்க்க யாராச்சும் முயற்சி பண்ணிருக்கணும்ல சார்?"

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். செய்தி போனது: "இன்று லாரி வராது. லாரிக்குச் சொல்ல நாங்கள் மறந்துவிட்டோம். கேரட்டைப் பிடுங்காதீர்கள். புதன்கிழமை காலை வரும். வணக்கம்."

'நாங்கள்' என்றுதான் எழுதியிருந்தார். மேனேஜர் என்று எழுதவில்லை. அந்த மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை.

"நாமளே நம்மளக் காட்டிக் குடுக்கலாமாம்மா?"

"பின்ன யாரு சார் காட்டிக் குடுக்கிறது? லாரியா?"

மறுநாள் மெமோ. 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில்' என்று தொடங்கி ஒரு பக்கம். விளக்கம் கேட்டிருந்தது. அக்கா மூன்று வரி எழுதினார்: "நான் எழுதியதில் பொய் இல்லை. பொய்யான வரி இருந்தால் காட்டுங்கள், திருத்துகிறேன். இல்லையென்றால் திருத்த ஒன்றும் இல்லை."

செய்தி எழுதும் வேலையை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். பூம்பாறைக் கொட்டகையில் பூண்டு தரம் பிரிக்க அனுப்பினார்கள். ஒரு பூண்டுப் பருவம் முழுக்க அங்கே நின்றார். முனகவில்லை. சம்பளச் சீட்டில் பதவியின் பெயர் மாறியபோது மட்டும் பென்சிலால் எழுதி அனுப்பினார்: யாரு?

*

அந்தப் பருவத்தில் செய்திகளைச் சென்னையில் ஓர் ஏஜென்சி எழுதியது. "அன்பார்ந்த உழவர் பெருமக்கள் அனைவருக்கும் எங்கள் நிறுவனத்தின் இதயங்கனிந்த காலை வணக்கம்" என்று ஆரம்பிக்கும்.

பாண்டியண்ணன் முதல் நாள் அதை விசுவாசமாகக் கத்தினார். இதயங்கனிந்த வரைக்கும் கத்தியிருக்கிறார். வணக்கம் சொல்லி முடித்ததும் பஸ் வந்துவிட்டது. அவருக்கு அன்று கொடைக்கானலில் ஒரு சோலி. ஏறிப் போய்விட்டார்.

அடுக்குகளில் நடந்ததைச் செல்லத்தாயி பிறகு அலுவலகத்துக்கே வந்து சொன்னார். சொன்னார் என்பது சரியில்லை. மேனேஜர் மேசையின் முன்னால் நின்று நடித்துக் காட்டினார்.

"மேல இருந்து முருகேசன் கத்துதான், 'கம்பெனி வணக்கம் சொல்லுது'ன்னு. 'எதுக்குலே'ங்கேன். 'தெரியல, சொல்லுது'ங்கான். 'லாரி வருதா?' 'அது தெரியல. வணக்கந்தான் வந்திருக்கு.' பீன்ஸப் பறிச்சு வச்சுட்டுக் காத்துக் கெடக்கோம், சாயங்காலம் வரைக்கும். ஏங்க, ஒங்க வணக்கத்த வச்சு நான் என்ன செய்ய, கொழம்பு வைக்கவா? வேலுமணிய எழுதச் சொல்லுங்க. வெரசா."

அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்க ஆட்கள்.

மேனேஜர் கொட்டகைக்குப் போன் செய்தார். திங்கள் முதல் பழையபடி வந்துவிடும்படி சொன்னார். அக்கா, "எழுதிக் குடுங்க சார். எடுக்கையில எழுதித்தான எடுத்தீங்க" என்றார். ஆணை போனது: 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு.' ஓரத்தில் பென்சில் எழுத்தோடு திரும்பி வந்தது: எந்தக் காரணம்? மறுபடி போனது. மறுபடி வந்தது. கடைசியில் மேனேஜர் இரண்டே சொல் எழுதினார். 'உழவர்கள் கேட்டார்கள்.'

"பாத்தியா" என்றார் அக்கா, திங்கட்கிழமை. "இந்தாளுக்கு எழுத வருது."

*

ஒரு சண்டை எங்களுக்குள் முடியாமலே நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் கத்திச் சொல்ல முடியாது என்பது என் கட்சி. சில விஷயங்களுக்கு நீண்ட வாக்கியம் வேண்டும். தயக்கம் வேண்டும். உதாரணமாக, இரங்கல்.

"இரங்கல் எதுக்கு எழுதுற?" என்றார். "கெளம்பிப் போ. போயி, வீட்டுல ஒக்காரு. எழுதி அனுப்புறது வராதவன் வேல."

"போக முடியாதவங்க இருக்காங்கள்ல அக்கா?"

"இருக்காங்க. அவங்க, 'வர முடியல'ன்னு எழுதட்டும். ஆழ்ந்த அனுதாபம்னு எதுக்கு? எவ்வளவு ஆழம்னு அளந்தாங்களா?"

ஆக, இதை நான் எழுதுவது அவருக்குப் பிடித்திருக்காது. எழுதுகிறேன். இந்த ஒன்றில் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

*

அக்கா இறந்த அன்று காலை மேனேஜர் வந்ததும் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். அவருக்கும் அழுகை வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு அலுவலகம் அவருக்குள் திரும்பி வந்தது.

"ஒரு கார்டு டிசைன் பண்ணச் சொல்லிருக்கேன். ப்ரொஃபெஷனலா இருக்கணும். சேர்மன் அப்ரூவல் குடுத்ததும் குரூப்ல போடுவோம். அதுவரைக்கும் யாரும் எதுவும் அனுப்ப வேணாம்."

"எப்ப குடுப்பாரு சார்?"

"ஃபிளைட்ல இருக்காரு. எறங்கட்டும்."

கார்டு என் திரைக்கு வந்தது. அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். இரண்டு பக்கமும் விளக்கு. 'எங்கள் நிறுவனத்தின் மூத்த பணியாளர் எதிர்பாராத விதமாக இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் மறைவு ஈடுசெய்ய இயலாத இழப்பாகும்.' எழுந்து நின்று படித்துப் பார்த்தேன். மூன்று மணி இல்லை. பூம்பாறை இல்லை. வாருங்கள் என்று இல்லை. அந்தக் கனமான படம் வளைவில் திறக்கவும் திறக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"நேரத்தையாவது போடுவோம் சார். எல்லாரும் வயல்ல இருப்பாங்க."

"சேர்மன் பாக்காம ஒரு வார்த்தை மாத்த முடியாதும்மா."

லாரி ஓட்டுநருக்குப் போன் செய்தேன். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். "நான் எங்க லாரி எடுக்க? அக்காவப் பாக்க வரேன்" என்றார். அது போதும்.

எழுதினேன்.

"வேலுமணி இறந்துவிட்டார். மதுரையில், இன்று காலை, நெஞ்சுவலி. மூன்று மணிக்குப் பூம்பாறை வருவார். ஐந்து மணிக்கு எடுக்கிறார்கள். வேலையை நிறுத்திவிட்டு வாருங்கள். இன்று லாரி வராது. பிடுங்கிய கேரட்டை நிழலில் வையுங்கள். வெள்ளிக்கிழமை காலை ஏற்றுவோம். வணக்கம்."

வராந்தாவுக்குப் போய் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கத்தவில்லை. உதடு மட்டும். மூச்சு முட்டவில்லை. அனுப்பினேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

*

டவர் அன்று வந்து வந்து போனது. நானும் செய்தியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் இறங்கியபோது பாண்டியண்ணன் கடைசி வரியை முடித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே கத்தினார். நிறுத்தவில்லை.

மேகம் வயல்களை மூடியிருந்தது. ஆட்கள் தெரியவில்லை. குரல்தான். முதல் அடுக்கில் முருகேசன்: "வேலுமணி செத்துப்போச்சாம்ல! மதுரையில! நெஞ்சுவலியாம்!" அடுத்த குரல் அதற்குக் கீழே. அதற்கும் கீழே இன்னொன்று. மூன்று மணி போனது. ஐந்து மணி போனது. நிழல் போனது. வெள்ளிக்கிழமை போனது. எதுவும் சிந்தவில்லை.

பிறகு கீழேயிருந்து ஒரு கேள்வி ஏறி வந்தது. முதலில் ஓடைப் பக்கம், மெல்லிசாக. அப்புறம் நடு அடுக்கில். அப்புறம் முருகேசன் குரலில், எங்கள் காலடியில்.

"செல்லத்தாயி நம்ப மாட்டேங்குதுண்ணே! 'இது வேலுமணி எழுத்தாச்சே'ங்குது! அது செத்துப்போச்சுன்னா, எழுதுனது யாருன்னு கேக்குது!"

பாண்டியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

யாரு?

நான் சாலை விளிம்புக்குப் போனேன். என் குரல் எங்கே வரைக்கும் போகும் என்று தெரியாது.

"நான்தான்" என்று கத்தினேன். "நான் எழுதுனேன்!"

முருகேசன் வாங்கிக் கீழே சொன்னார். என் பெயரும் 'ஆபீசுப் பிள்ள'யுமாக அது அடுக்கு அடுக்காக இறங்கிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக மேலே ஏறி வரத் தொடங்கினார்கள். காலில் மண்ணோடு. செல்லத்தாயி கையில் களைக்கொத்து கழுவாமலே இருந்தது.

ஐந்து மணிக்கு அக்காவை எடுத்தபோது தெருவில் நிற்க இடமில்லை. மேனேஜர் மாலையோடு வந்திருந்தார். கடைசி வரைக்கும் நின்றார். கார்டுக்கு அப்ரூவல் அவர் திரும்பிப் போகும் வழியில் வந்ததாம்.

*

அக்காவின் நாற்காலியை எனக்குத் தந்திருக்கிறார்கள். நான் என் நாற்காலியிலேயே இருக்கிறேன். அவர் பென்சிலைத் தங்கை கேட்டார், கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அந்த ஒற்றைக் கேள்வியை. யாரு? அடுத்தவர் எழுதியதில் அதைக் கேட்பது சுலபம். நான் எழுதியதில் கேட்டு, எழுந்து நின்று, என் பெயரைப் பதிலாகச் சொல்வது சுலபமாக இல்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் மெமோ வந்தது. அனுமதியின்றிச் செய்தி அனுப்பப்பட்டது குறித்தும் லாரி நிறுத்தப்பட்டது குறித்தும் விளக்கம் கேட்டு. அனுப்பப்பட்டது, நிறுத்தப்பட்டது. ஆளே இல்லை.

மூன்று வரி எழுதினேன். "அனுப்பியது நான். லாரியை நிறுத்தியதும் நான். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் மறுபடியும் செய்வேன்."

எழுந்து நின்று ஒருமுறை சத்தமாகப் படித்தேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அவர் மேசையில் வைத்தேன். பிறகு என் இடத்துக்கு வந்து, சனிக்கிழமை லாரி எப்போது வரும் என்று எழுதி அனுப்பினேன்.